தார் முத்திரைப் பூச்சு (யாழ்ப்பாணக் குடாநாடு)

தார் முத்திரைப் பூச்சு என்பது, அடித்தளம் உறுதியாக உள்ள வீதியின் மேற்பரப்பை மழைநீர் புகாதபடி அடைக்கும் பராமரிப்பு முறை. வீதியைத் துப்புரவாக்கி, குழிகளை நிரப்பி, சூடான தாரையோ தார்க் குழம்பையோ சீராகத் தெளிப்பர். அதன்மேல் சிறுசல்லி பரப்பி உருளையால் அழுத்துவர். இப்படி ஒருமுறை செய்வது ஒற்றைப் பூச்சு, இருமுறை செய்வது இரட்டைப் பூச்சு. காப்பெற் வீதியைவிட இதற்குச் செலவு குறைவு. ஆனால் சிதைந்த அடித்தளத்தை இது சீராக்காது.

குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், வடிகாலற்ற ஒழுங்கைகளில் வெள்ளம் தேங்கி வெடிப்புகளின் வழியே இறங்குகிறது. ஈரத்தில் தார் ஒட்டாது. ஆகவே பூச்சுக்கு உலர்காலமே உகந்தது. வீதிக்கான கருங்கல் சல்லி வன்னிப் பெருநிலத்திலிருந்து வருகிறது.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்குரியவை. உள்வீதிகளை யாழ்ப்பாணம் மாநகர சபை, நகர சபைகள், பிரதேச சபைகள் ஆகியன பராமரிக்கின்றன. ஒப்பந்த வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்படும். அளவீட்டின்படி கொடுப்பனவு செய்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்துவைப்பர்.

தார் அளவு, சல்லியின் தூய்மை, வடிகால் ஆகிய மூன்றையும் கண்டிப்பாக மேற்பார்வை செய்வதே பொதுப்பணத்தைக் காக்கும் வழி. வெடிப்பு குழியாகுமுன் பூசப்படும் வீதி, மீளமைப்பின் பெருஞ்செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும்.