வெண்மையின் விலை: வெளிர்நிற முகப்பூச்சில் கனிமங்களும் உயிர்க்கொடுமையும்

ஆய்வுச் சுருக்கம்

‘கனிம ஒப்பனை’, ‘உயிர்க்கொடுமையற்றது’ என்னும் இரண்டு அடையாளங்கள் இன்று மலிவு விலை முகப்பூச்சுகளிலும் ஒருசேர இடம்பெறுகின்றன. ஒரே அறத்தின் இரு பெயர்கள் போலத் தோன்றினாலும், இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தீங்குகளுக்கு விடையாக உருவானவை. வெளிர்நிறச் சருமத்திற்கான முகப்பூச்சின் வரலாற்றை ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய பகுதிகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பனையின் தீங்கு முற்றிலும் நீங்காமல், பூசுபவரின் உடலிலிருந்து பிற உடல்களுக்கு இடம்பெயர்ந்தது என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஈயவெள்ளை, கனிம ஒப்பனை, டிரெய்ஸ் சோதனை, உயிர்க்கொடுமை, அப்பிரகம்

முன்னுரை

முகப்பூச்சு வாங்குவோர் ‘கனிமம்’ என்ற சொல்லை ‘இயற்கையானது, தீங்கற்றது’ என்ற பொருளில் புரிந்துகொள்கின்றனர். ஆனால் ஒப்பனை வரலாற்றில் மிகுதியான கேட்டை விளைவித்த ஈயவெள்ளையும் கனிமச் சேர்மமே. அவ்வாறே, விலங்குச் சோதனையை வணிகப் பேராசையின் விளைவாக மட்டும் காண்பதும் முழுமையான பார்வை ஆகாது. நுகர்வோரைக் காக்கும் முயற்சியோடும் அது பிணைந்திருந்தது. இவ்விரு முரண்களையும் விளங்கிக்கொள்ள, முகப்பூச்சில் வெண்மை உண்டாக்கப்பட்ட முறையிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

1. ஈயவெள்ளையின் காலம்

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றிய தம் நூலில் ஈயவெள்ளை செய்யும் முறையை விவரிக்கிறார். ஈயத்தைக் காடியின் மேல் வைத்து, அதில் படியும் வெண்பொருளைச் சுரண்டி எடுத்து அரைப்பதே அம்முறை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியரான பிளினி, அது பெண்களுக்கு வெண்ணிறம் தருவதையும் கொல்லும் நஞ்சாக இருப்பதையும் ஒருங்கே பதிவு செய்துள்ளார். இத்தாலிய ஓவியர் லொமாட்சோவின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, ஈயவெள்ளை பூசும் பெண்கள் விரைவில் தோல் வாடி நரைப்பர் என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெற்றது. எனவே ஈயவெள்ளை நீடித்ததற்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூற இயலாது.

அதன் நீடிப்பிற்குப் பொருளின் இயல்பும் காரணமாக அமைந்தது. சுண்ணத்தூள், அரிசிமாவு போன்றவற்றின் ஒளிவிலகல் எண் எண்ணெய்க்கு நெருக்கமானது. ஆதலால் தோலின் எண்ணெயில் நனைந்ததும் அவை ஒளிபுகும் தன்மை பெற்று மங்கிவிடும். ஏறத்தாழ 2.0 ஒளிவிலகல் எண் கொண்ட ஈயவெள்ளையோ மெல்லிய பூச்சிலேயே அம்மைத் தழும்பையும் மறைத்தது. வெனிஸ் நகரின் பெயரால் வழங்கிய தூய வகை உயர்வாக மதிக்கப்பட்டது. மலிவான வகைகளில் சுண்ணத்தூள் கலக்கப்பட்டது. கலப்படம் மிகுந்த பூச்சில் ஈயம் குறைவு என்பதால், இங்கு விலை உயர்வு பாதுகாப்பிற்கு உறுதி அளிக்கவில்லை.

கவென்ட்ரி பிரபுவின் மனைவி மரியா கன்னிங் 1760-இல் இளம்வயதில் இறந்ததற்கு ஈயப்பூச்சே காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. காசநோயும் காரணமாகச் சுட்டப்படுவதால் அதனை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. மருத்துவச் சான்று 1869-இல் கிடைக்கிறது. முகப்பூச்சு நீர்மம் ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்திய மூன்று பெண்களுக்குக் கைகள் செயலிழந்ததை நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேர் அறிக்கையிட்டார். அடுத்த ஆண்டே வேதியியலாளர் சார்லஸ் சாண்ட்லர், அந்நகரில் விற்பனையான ஒப்பனைப் பொருள்களைப் பகுப்பாய்ந்து அவற்றுள் பலவற்றில் ஈயம் இருந்ததை வெளிப்படுத்தினார்.

பூசியவரை விட, செய்தவரே இந்நஞ்சிற்கு மிகுதியாக ஆட்பட்டனர். ஈயவெள்ளையின் பெரும்பகுதி சுவர், மர வண்ணப்பூச்சிற்கே சென்றதெனினும், ஆலைத் தொழிலாளருக்கு இவ்வேறுபாடு பொருளற்றது. பிரித்தானிய ஈயவெள்ளை ஆலைகளின் ஆபத்தான பணிகளில் பெண்களை அமர்த்துவது 1898-இல்தான் தடைசெய்யப்பட்டது.

2. மாற்றுக் கனிமங்கள்

ஈயத்திற்கு மாற்று, ஒப்பனை அறையிலிருந்து வரவில்லை. வண்ணப்பூச்சுத் தொழிலிலிருந்து வந்தது. 1780-களில் பிரெஞ்சு வேதியியலாளர் கிட்டோன் தெ மொர்வோ துத்தநாக வெள்ளையைப் பரிந்துரைத்தார். அதன் விலை அப்போது தடையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸில் லெக்ளேர் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கிய பின்னரே அது பரவலாயிற்று, முகத்தூளிலும் இடம்பெற்றது. 1910-களின் பிற்பகுதியில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டை ஆக்சைடு தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேற்பட்டது; ஈயவெள்ளையை விடக் குறைந்த அளவில் கூடுதலாக மறைக்கும்; நஞ்சற்றது.

இன்றைய கனிம முகப்பூச்சு இவ்வெண்தூள்களோடு அப்பிரகத்தையும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளையும் சேர்த்து அமைவது. வெளிர்நிறச் சருமத்திற்கு வெண்தூளே அடித்தளமாதலால், சிறிதளவு இரும்பு ஆக்சைடு கொண்டு நிறத்தைப் பொருத்திவிடலாம். அதே அடித்தளம் கருநிறச் சருமத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். கனிம ஒப்பனை தொடக்கத்தில் வெளிர்நிறத்தாருக்கு எளிதில் பொருந்தியதற்கு இவ்வேதியியலும் ஒரு காரணமாகும்.

‘கனிமம்’ என்பது மண்ணிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என்று பொருள்படாது. இயற்கைக் காவிமண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கக்கூடும். ஆகவே செயற்கையாக ஆக்கப்பட்ட இரும்பு ஆக்சைடுகளையே அமெரிக்க விதிகள் ஒப்பனையில் அனுமதிக்கின்றன. அவற்றிலும் பத்து இலட்சத்தில் ஈயம் 10 பங்கும் ஆர்சனிக் 3 பங்கும் மிகக்கூடாது. தீங்கின்மையை இங்கு உறுதிசெய்வது இயற்கை அன்று. ஆலையின் தூய்மைக் கட்டுப்பாடே.

3. சட்டமும் முயலின் கண்ணும்

அமெரிக்காவின் 1906-ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் ஒப்பனைப் பொருள்களைத் தன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை. 1930-களில் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இத்தகைய நிகழ்வுகளின் அழுத்தத்தால் 1938-இல் புதிய சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும், ஒரு பொருள் தீங்கற்றது என்பதை அளந்து காட்ட வேண்டிய தேவையை அது உருவாக்கியது.

அவ்வளவுகோலை 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் நச்சியலாளர் ஜான் டிரெய்ஸும் உடன்பணியாளர்களும் வெளியிட்டனர். வெண்முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்கு விட்டு, விழியில் தோன்றும் சிதைவிற்கு 110 வரை மதிப்பெண் இடுவது இச்சோதனையின் முறை. முயல் குறைவாகவே கண்ணீர் சுரப்பதால் பொருள் கண்ணிலேயே தங்கும். பெண்களின் கண்களைக் காக்க எழுந்த சட்டத்தின் சுமை இவ்வாறு முயலின் கண்ணுக்கு மாறியது. அவ்வளவுகோலும் நம்பத்தக்கதாக அமையவில்லை. ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் பெரிதும் வேறுபட்ட முடிவுகளைத் தந்ததை வெயில், ஸ்காலா ஆகியோர் 1971-இல் நிறுவினர்.

4. எதிர்ப்பும் தடையும்

மறுபுறம், இங்கிலாந்தில் மியூரியல் டவுடிங் 1959-இல் ‘கொடுமையில்லா அழகு’ என்னும் பொருள்படும் பெயரில் அமைப்பொன்றைத் தொடங்கினார். அப்பெயரிலான இந்திய அமைப்பு 1974-இல் புனேயில் உருவாயிற்று. 1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா, ரெவ்லான் நிறுவனத்தை நோக்கி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியில் அந்நிறுவனம் மாற்றுமுறை ஆய்வுக்காக ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்திற்கு 7,50,000 டாலர் வழங்க இசைந்தது. 1981-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனி மையம் அமைந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004, 2009, 2013 என மூன்று கட்டங்களாகத் தடை விதித்தது. இந்தியா 2014-இல் ஒப்பனைப் பொருள்களின் விலங்குச் சோதனையையும், அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் தடைசெய்தது. ஆயினும் இத்தடைக்கு எல்லை உண்டு. ஒப்பனைக்கு மட்டுமே பயன்படும் மூலப்பொருளையும், அதனைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக வேதிப்பொருள் சட்டத்தின்கீழ் விலங்குகளில் சோதிக்கக் கோரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ ‘உயிர்க்கொடுமையற்றது’ என்ற சொல்லுக்குச் சட்ட வரையறையே இல்லை.

5. மலிவும் மறைந்த கைகளும்

துத்தநாக, டைட்டானிய, இரும்பு ஆக்சைடுகள் பெருந்தொழில் மூலப்பொருள்கள், அரியவை அல்ல. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளதால் அவற்றின் பாதுகாப்புத் தரவுகளும் ஏற்கெனவே உள்ளன. புதிய மூலப்பொருளைத் தேடாத நிறுவனத்திற்குப் புதிய விலங்குச் சோதனையும் தேவைப்படுவதில்லை. 2004-இல் தொடங்கிய எல்ஃப் நிறுவனம், விலங்குச் சோதனையைத் தவிர்த்தும் ஒரு டாலர் விலையில் ஒப்பனைப் பொருள்களை விற்க முடிந்தது. அறமும் மலிவும் முரண்பட்டாக வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் முகப்பூச்சிற்கு மினுமினுப்புத் தரும் அப்பிரகம், மக்கள் வழக்கில் காக்காப்பொன், மற்றொரு வரலாற்றைச் சுட்டுகிறது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதிஹ் மாவட்டங்களும் பீகாரின் நவாதாவும் நெடுநாளாக அப்பிரக வயல்கள். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. கைவிடப்பட்ட குழிகளில் முறைசாராச் சேகரிப்பு தொடர்ந்தது. அங்குக் குழந்தைகளும் சில்லு பொறுக்குகின்றனர். இச்சிக்கலைக் களையும் நோக்கில் நிறுவனங்கள் இணைந்து 2017-இல் பாரிஸில் ஒரு கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. சில நிறுவனங்கள் செயற்கை அப்பிரகத்திற்கு மாறின. ஆனால் விலங்குகளை மட்டும் கருதும் ‘உயிர்க்கொடுமையற்றது’ என்ற அடையாளம், சில்லு பொறுக்கும் கையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

முடிவுரை

ஈயவெள்ளையைக் கைவிட்டதால் பூசுபவர் காக்கப்பட்டார். முயல் சோதனையைத் தடைசெய்ததால் விலங்கு பெருமளவு காக்கப்பட்டது. ஒவ்வொரு சீர்திருத்தமும் தன் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த உடலையே கருத்தில் கொண்டது. எனவே ‘கனிமம்’ என்பது மூலப்பொருளின் வகையை மட்டும் கூறும். அதன் தூய்மையைக் கூறாது. ‘உயிர்க்கொடுமையற்றது’ என்பது சோதனை முறையை மட்டும் கூறும். அகழ்வோரின் நிலையைக் கூறாது. இவ்விரு அடையாளங்களையும் தனித்தனி வரலாறுடைய, வரம்புடைய கூற்றுகளாக வாசிப்பதே பொருத்தமாகும். இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வகத்தைக் கருதின. அதே நாட்டின் அப்பிரகக் குழிகள் அவற்றின் எல்லைக்கு வெளியே உள்ளன. அவ்விடைவெளி தனித்த ஆய்வுக்குரியது.