வீட்டில் கற்ற பிள்ளைகள்: 1826-இன் ஒரு கணக்கு

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் மகளுக்கு ஐந்து வயது. கல்லூரி மாணவர்க்கு நன்னூல் நடத்திப் பழகிய நமக்கு, ஒரு குழந்தைக்கு அகரம் கற்பிக்கும் பொறுப்பு அப்போதுதான் முதன்முதலாக வந்து சேர்ந்தது. முதல் வாரத்திலேயே தோற்றோம். எழுத்துகளை வரிசை பிறழாமல் ஒப்பித்தாள். வரிசையைக் கலைத்து ஒரு சிறு சொல்லைக் காட்டினால் விழித்தாள். ஊர்தோறும் பள்ளிக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன் தமிழ்ப் பிள்ளைகள் எண்ணையும் எழுத்தையும் எங்கே, யாரிடம், எவ்வாறு கற்றனர் என்ற கேள்வி அந்நாளில் எழுந்தது. அக்கேள்வியின் பின்னே சென்றதன் பயனே இக்கட்டுரை.

மன்றோ கேட்ட கணக்கு

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், மாகாணத்தின் பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்குப் பணித்தார். விடைகள் வந்து சேர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. அவற்றைத் தொகுத்து 1826 மார்ச் 10-இல் அவர் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. 1,28,50,941 மக்கள்தொகைக்கு 12,498 பள்ளிகள். அவற்றில் 1,84,110 ஆண்பிள்ளைகள், 4,540 பெண்பிள்ளைகள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கொள்ளலாம்.

ஆய்வாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' என்னும் நூல் இவ்வறிக்கைகளை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. பள்ளிக் கணக்கைப் பற்றிப் பேசியோர் பலர். ஆனால் நம் கண்ணில் நின்றது அதே ஆவணத்தின் ஓரத்தில் கிடக்கும் இன்னொரு கணக்கு. சென்னை ஆட்சியர் மட்டும், பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தந்திருந்தார்: 26,963. நகரத்துப் பள்ளிகளில் பயின்றோரைப்போல் இது ஐந்து மடங்குக்கும் அதிகம்!

மன்றோவே இதனை முழுதும் நம்பவில்லை. எங்கோ பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்றே எழுதினார். ஆயினும் உறவினரோ தனி ஆசிரியரோ வீட்டில் கற்பிக்கும் வழக்கம் மாகாணமெங்கும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, அதன் பொருட்டே, கல்வி பெறும் ஆண்பிள்ளைகளின் விகிதம் நான்கில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றை ஒட்டியிருக்கும் என மதிப்பிட்டார். நாமும் அந்த எண்ணை அவருடைய ஐயத்துடனேயே ஏற்பது நேர்மை.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் மற்றொரு செய்தி தென்படுகிறது. வீட்டில் கற்ற ஆண்பிள்ளைகள் 26,446 பேரில், ஆவணம் பிராமணர் எனக் குறிப்போர் 7,586, சூத்திரர் எனக் குறிப்போர் 7,589, வைசியர் 6,132, பிற சாதியினர் 3,449, முஸ்லிம்கள் 1,690. வீட்டுக் கல்வி ஒரு சாதியின் தனியுடைமையாக இருந்தது என்று இனி எளிதில் சொல்லிவிட இயலாது. எண்ணும் எழுத்தும் தொழிலுக்கு வேண்டியிருந்த இல்லங்களில் அவை கற்பிக்கப்பட்டன என்று கொள்வதே பொருந்தும்.

கணக்காயர்

தமிழில் 'கணக்கு' என்ற சொல் எண்ணுக்கு மட்டும் உரியதன்று. எழுத்துகளின் வரிசைக்கு 'நெடுங்கணக்கு' என்று பெயர். ஆசிரியருக்குக் 'கணக்காயர்' என்று பெயர். நக்கீரர், மதுரைக் கணக்காயனார் மகனாராகவே நமக்கு அறிமுகமாகிறார். எழுத்தறிவித்தவரும் எண்ணறிவித்தவரும் ஒருவரே என்பதைச் சொல்லே காட்டி நிற்கிறது. மொழிப்பாடம் ஒரு மணி, கணிதம் ஒரு மணி எனப் பிரித்துக் கற்பிக்கும் நமக்கு இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மணலும் ஓலையும்

குழந்தை முதலில் எழுதியது தாளில் அன்று, பரப்பிய மணலில். சுட்டுவிரலே எழுதுகோல். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் வரைய வேண்டும். பிழையானால் உள்ளங்கையால் தடவி அழித்துவிடலாம். விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் அழிப்பதற்கு வழியில்லை அல்லவா?

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழையாமற் போகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். கற்ற சிறுவன் கல்லாத சிறுவனுக்குக் கற்பித்தான். 1797-இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கமும் மணலில் எழுதும் சிக்கனமும் நம் பள்ளிகளிலிருந்து சென்றவையே என்பதைப் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், 1823-ஆம் ஆண்டு அறிக்கையில் பாராட்டிக் குறித்துள்ளார். ஆனால் அதே அறிக்கையில், பிள்ளைகள் மனப்பாடம் செய்வதன் பொருளை அறிவதில்லை என்ற குறையையும் அவர் மறைக்கவில்லை.

குறை உண்மையே. எனினும் மனப்பாடத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதில்லை. எகர, ஏகார வேறுபாடும் ஒகர, ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாக இரா. 'க' என எழுதியிருப்பது 'க' தானா, 'க்' தானா என்பதைச் சொல்லை முன்பே அறிந்தவரே சொல்ல முடியும். எனவே ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் முதலில் நாவில் ஏறின. பிறகே ஓலையில் கண்டுகொள்ளப்பட்டன. அவ்விரு நூல்களும் அகர வரிசையில் அமைந்திருப்பதும் இவ்வகைக் கற்றலுக்கு உற்ற துணை. நினைவே அன்று வாசிப்பின் வாயில். அச்சு வந்து புள்ளி நிலைபெற்ற பின்னும் நாம் ஒப்பித்தலை மட்டும் தொடர்ந்து, கண்டுகொள்ளுதலை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. நம் மகள் வரிசையை ஒப்பித்துச் சொல்லில் விழித்ததன் காரணமும் இதுவே.

முந்திரி முதல் கலம் வரை

எண் கற்பித்தலுக்கு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று எனச் சுவடிகள் இருந்தன. இவற்றின் உலகைச் செந்தில் பாபு 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒன்றுக்குக் கீழேயும் ஓர் எண்ணுலகம் அன்றைய சிறுவனுக்குத் திறந்திருந்தது: முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20, வீசம் 1/16. நெல்லிலக்கமோ களத்துமேட்டுக்கு உரியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இவை யாவும் வெறும் வாய்பாடுகள் அல்ல. அந்த வீட்டின் குதிரில் இருந்த நெல்லும், அதை அளந்த மரக்காலும் கண்முன் இருந்தன.

கணக்கில் வராதவர்கள்

இங்கே நம் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு கலமே முக்குறுணி நெல்லை ஐந்து பங்காக்கினால் எவ்வளவு என்று கேட்டால், முறத்தைக் கீழே வைக்காமலேயே 'ஒரு கலமே முக்குறுணி' என்பார். அவருடைய தமையனாருக்குத் திண்ணையில் ஓர் உபாத்தியாயர் எண்சுவடி சொல்லிக்கொடுத்தார். உள்ளே கூடத்தைப் பெருக்கியவாறு கேட்டே பாட்டி அத்தனையும் கற்றார். காது வழியே எண் வந்தது. எழுத்து காது வழியே வராதே! இறுதிவரை அவர் கைநாட்டுத்தான்.

சென்னையில் வீட்டில் கற்ற 26,963 பேரில் பெண்பிள்ளைகள் 517 பேர். மாகாணப் பள்ளிகளிலும், வீடுகளிலும், நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்தாம். வீடு, பள்ளியைவிடக் கனிவுடையது என்று நம்ப விரும்புகிறோம். எண்கள் அவ்வாறு சொல்லவில்லை. தெருவுக்குள்ளேயே நுழைய விடப்படாத குடிகளின் பிள்ளைகளுக்கோ எந்தத் திண்ணையும் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. 1886-இல் பிறந்த இருவர் நினைவுக்கு வருகின்றனர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமெய்திய பின் பள்ளி செல்ல இயலாதபோது வீட்டிலிருந்தே பயின்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்த சுப்புலட்சுமிக்கு வீட்டில் கல்வி தொடர வழிசெய்தவர் அவருடைய தந்தையார். 1911-இல் அவர் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வீட்டுக் கல்வி அவர்களைக் காத்தது மெய். ஆனால் கற்பிக்க மனமுடைய, கற்ற தந்தையர் அவர்களுக்கு வாய்த்தனர். அந்த வாய்ப்பையே அனைவருக்குமான முறையாக எண்ணிவிட முடியாது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கியதன் பொருளை நம் பாட்டியின் பெருவிரலைக் கொண்டே அளக்கிறோம்.

நம் இல்லத்தில் ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பினோம். வரிசையை விட்டு, அவள் அறிந்த சொற்களை எழுதினோம்: படி, பல், மாடு. உழக்கும் படியும் பரணிலிருந்து இறங்கின. மறு ஆண்டு ஒருநாள், பழைய பத்திரம் ஒன்றை விரித்தபோது, மங்கிய ரேகையின் அருகில் இருந்த பாட்டியின் பெயரையும் 'கைநாட்டு' என்ற சொல்லையும் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பாட்டி ஏன் எழுதல?" என்றாள். மேலே எழுதிய அனைத்தும் அந்தக் கேள்விக்கு நாம் தேடிய விடையே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லப் பரணில் எண்சுவடியோ நெல்லிலக்கமோ ஓலையாகவோ கையெழுத்துப் படியாகவோ இருப்பின், பழைய தாள்களோடு தள்ளிவிடாதீர்கள். சுவடி நூலகங்களுக்கு வழங்கலாம். இயலாதெனில் படமெடுத்தேனும் வையுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் எண் கற்ற விதத்தை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பாட்டியிடம் கேட்க நமக்குத் தோன்றவில்லை.