சிறுவாட்டுக் கோழியும் வெள்ளைக்கழிச்சலும்



போன பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "மொட்டை மாடியில் நாலு நாட்டுக்கோழி வளர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பேர் சிரித்தோம். மீதிப் பேர் விடியற்காலையில் சேவல் கூவுமே என்று கவலைப்பட்டார்கள். அப்படியே தண்ணீர்த் தொட்டி விவகாரத்துக்குப் போய்விட்டோம். ஆனால் நம்மில் பலர், பஞ்சாரத்தைத் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். அதனால் இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்துக்குக் கோழியையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் பழைய வட ஆர்க்காடு மாவட்டம். வீட்டில் மாடு அப்பாவுடையது, கோழி அம்மாவுடையது. முட்டை விற்ற காசு அஞ்சறைப் பெட்டிக்குள் சிறுவாடாகச் சேரும். எனக்கு எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் வாங்கியது அந்தக் காசில்தான். அந்த ஆண்டு சித்திரையில் பதினான்கு கோழிகள் இருந்தன. ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. இன்னொன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ஒரே வாரத்தில் பதின்மூன்று போயின. சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்தார் அம்மா, நிற்கவில்லை.

அதன் பெயர் வெள்ளைக்கழிச்சல். புத்தகப் பெயர் இராணிக்கெட் நோய். பலரும் இதை நம் இராணிப்பேட்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இராணிக்கெட் இருப்பது இமயமலையின் குமாவுன் பகுதியில், இன்றைய உத்தரகண்ட். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டுகொள்ளப்பட்ட அதே நோயை, 1927-இல் இராணிக்கெட்டில் எட்வர்ட்ஸ் என்ற கால்நடை விஞ்ஞானி கண்டார். உலகம் நியூகாசில் என்கிறது, நாம் இராணிக்கெட் என்கிறோம். கிருமி ஒன்றே. அது வைரஸ், வந்த பிறகு கொடுத்துக் குணமாக்க மருந்து இன்றுவரை கிடையாது. வருமுன் தடுப்பூசி போடுவது ஒன்றே வழி.

அந்தத் தடுப்பூசி 1940-களிலேயே இந்தியாவில் உருவாகிவிட்டது. குமாவுன் மலையிலேயே உள்ள முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் ஹாடோ, இத்னானி என்ற இருவர் வைரஸைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தார்கள். வளர்ந்த கோழிக்கு இறக்கை அடியில் தோலுக்குக் கீழே போடும் ஊசி அதன் வழி வந்ததுதான். நம் பக்கத்தில் இராணிப்பேட்டையிலோ, 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்படியிருந்தும் எங்கள் பதின்மூன்று கோழிகள் ஏன் செத்தன?

இரண்டு காரணங்கள். இரண்டுமே பிறகு கால்நடை மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கியவை.

முதலாவது வெயில். உயிருள்ள தடுப்பூசி ஐஸில் இருக்க வேண்டும். சூடு பட்டால் ஊசி போட்டும் பயனில்லை. ஐஸ் பெட்டியே இல்லாத ஊருக்குச் சித்திரையில் அது எப்படி வந்து சேரும்? கோழிக்கும் அதே வெயில்தான் எதிரி. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு இயல்பாகவே 41, 42 டிகிரி. வாயைத் திறந்து இரைத்து, இறக்கையை அகட்டி, கொண்டை வழியாகச் சூட்டை வெளியேற்ற வேண்டும். வெயிலில் வாடிய கோழி தீனி எடுக்காது, நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். வேப்பமர நிழல், அகலமான மண்சட்டியில் தண்ணீர், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் மட்டும் தீனி, பஞ்சாரத்தின் மேல் ஈரச் சாக்கு என்று எங்கள் தெருப் பெண்கள் செய்ததெல்லாம் சரியானதுதான். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு குப்பித் தடுப்பூசி நூறு கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பதினான்கு கோழி வைத்திருப்பவருக்காக ஒரு குப்பியை உடைக்க முடியுமா? ஆக, தெருவே ஒரு காலையில் கோழிகளைப் பிடித்து வைத்திருந்தால்தான் யாராவது ஒருவருக்காவது ஊசி கிடைக்கும்.

எங்கள் தெருவிலும் பகிர்வு இல்லாமல் இல்லை. வாரத்துக்குக் கோழி விடுவோம்: பெட்டை ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், குஞ்சு சரிபாதி. அடைக்கு முட்டை இரவல் தருவோம். நோய் வந்தபோது செய்த பகிர்வுதான் கெடுத்தது. தப்பிக்கட்டும் என்று நல்ல கோழிகளை அடுத்த ஊர் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். நோயும் கூடவே போனது. அவசரமாகச் சந்தையில் விற்றவர்களும் உண்டு. அத்தை வீட்டிலும் அந்த மாதம் பஞ்சாரம் காலி. அதை அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அம்மாதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சிக்கலுக்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1966-இல் குவீன்ஸ்லாந்துக் கோழிகளில் நோய் தராத ஒரு வைரஸ் கிடைத்தது. வி4 என்று பெயர். அதிலிருந்து சூடு தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, தீனியில் கலந்தே கொடுக்கலாம் என்று 1980-களில் மலேசியாவில் சோதித்தார்கள். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரோ இதில் முன்னின்றவர். பிறகு ஐ-2 என்ற வகை வந்தது. அதன் மூல வித்தை ஏழை நாடுகளுக்கு விலையில்லாமல் கொடுத்தார்கள். மொசாம்பிக்கில் ராபின் ஆல்டர்ஸ் முதலிய கால்நடை மருத்துவர்கள் ஊர்க்காரர்களுக்கே, பெண்கள் உட்பட, பயிற்சி தந்தார்கள். கண்ணில் ஒரு சொட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை. கோழிக்கு இவ்வளவு என்று சிறு காசு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வாய்வழி கொடுக்கும் குருணை மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

இங்கே அரசு ஆண்டுதோறும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்கு முன். பிற்காலத்தில் அம்மா ஒரு முகாமையும் விட்டதில்லை. முதல் நாள் இரவே தெருவில் வீடு வீடாகப் போய், "விடிஞ்சதும் கோழியத் தொறந்து விட்டுடாதீங்கடி" என்று சொல்லிவிட்டு வருவார். ஒரு வருடம் நூற்றுப் பத்துக் கோழி சேர்ந்தது. ஊசி போட வந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டாவது குப்பியையும் உடைத்தார்.

மாடிக்கோழி கேட்ட நண்பரிடம் இதையெல்லாம் லிஃப்டில் சொன்னேன். நாலு கோழிக்குக் குப்பி உடைப்பார்களா என்று யோசித்தவர், பக்கத்துத் தெரு ஓட்டு வீடுகளில் யார் யார் வளர்க்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். இதுவரை ஆறு வீடு, முப்பத்தொரு கோழி.