ஜீப்பும் அதன் பின்வண்டியும்

ஜீப் என்றதும் வில்லிஸ், ஃபோர்டு என்னும் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அதனை முதன்முதலில் உருவாக்கியதோ, பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த பாண்டம் என்னும் சிறு நிறுவனம். 1940-இல் அமெரிக்கத் தரைப்படை மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு விதித்தது. கார்ல் புரோப்ஸ்ட் சில நாள்களிலேயே வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23 அன்று, கெடுவுக்குள் வண்டி வந்து சேர்ந்தது.

எனினும், சிறு நிறுவனத்தால் பெருமளவில் செய்து தர இயலாதென எண்ணிய படைத்துறை, அவ்வரைபடங்களைப் போட்டியாளர்களிடம் கொடுத்தது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் வில்லிசும் ஃபோர்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன; பாண்டம் செய்தவை 3,000-க்கும் குறைவு. பிறகு அதற்கு வாய்த்தது, ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர்களைச் செய்யும் பணியே.

முன்னே ஓடும் வண்டியைப் புகழ்கிறோம். அதற்கு முதல் உருவம் தந்து, பின்னுக்குத் தள்ளப்பட்டோரையும் நன்றியோடு நினைப்பது நம் கடனன்றோ!