வானொலி இசையும் அதற்குரிய நிவந்தமும்

ஓசை ஆகாயத்தின் குணம் என்பது சைவநூற்றுணிபு. ஐம்பூதங்களுள் ஆகாயம் சத்த தன்மாத்திரையினின்றுந் தோன்றும் என்ப. வானொலி வந்தமையால் இத்துணிபு விஞ்ஞானத்தானும் மெய்ப்பிக்கப்பட்டதென்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. நிலையத்தினின்று விசும்பிற் செல்வது ஓசையன்று, மின்காந்த அலையேயாம். பாடுவோன் மிடற்றோசை ஒலிவாங்கியில் மின்னோட்டமாய்த் திரிந்து, அலைமேலேறிச் சென்று, கேட்போன் இல்லத்துக் கருவியிற் புக்க பின்னரே மீட்டும் ஓசையாகின்றது. இடைவழியில் ஓசை என ஒன்றில்லை. சாத்திரத்திற்கு இத்தகைய சான்று வேண்டுவதுமன்று. பொருந்தாச் சான்று காட்டுதல் அதற்கு இழுக்கேயாகும்.

வானொலியாற் சைவர்க்கு எழும் வினா வேறொன்று. பண்ணமைந்த இசையை, சிறப்பாகத் திருமுறையிசையை, உணவும் உடையும் தந்து ஓம்புவார் யாவர் என்பதே அது. பண்டு அவ்வினாவிற்கு விடை கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக ஐம்பதின்மரை நியமித்து, ஒருவர்க்கு நாள்தோறும் நெல் முக்குறுணியாக நிவந்தம் வகுத்தான். இவருள் இறந்தாரும் பிறதேயம் போயினாரும் உளராயின் அவர்க்கு அணுக்கரான உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் ஓதுக என்றும், அவ்வுறவினர் தாமே தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொண்டு ஓதுவிக்க என்றும் அக்கல்வெட்டுக் கூறும். கேட்பார் எத்துணையர் என்னும் எண்ணிக்கை அதில் யாண்டும் இல்லை. கேட்பான் இறைவன் ஒருவனே யாதலின் எண்ணிக்கைக்கு இடமுமில்லை.

இனி வானொலியின் வரலாறு. சென்னையில் 1924 மே 16-ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. எழும்பூரில் ஹாலோவேஸ் கார்டன் என்னும் வளமனையினின்று 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியொன்று இசையும் உரையும் பரப்பியது; பின்னர் 200 வாட் கருவி வந்தது. நாடோறும் பலமணி நேரம் பாடுதற்குரிய வளம் அக்கழகத்திற்கு இருந்ததன்று. இசையார்வம் மிக்க சிலர் கைப்பொருளிட்டு நடாத்திய முயற்சி அது. மூன்றாண்டு கடந்து 1927 அக்டோபரிற் பொருட்குறையால் நின்றுபோயிற்று.

அவ்வாண்டிலேயே வடக்கே வணிகர் கூட்டுக் கம்பெனி ஒன்று இத்தொழிலை இலாபங் கருதி மேற்கொண்டது. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்னும் அது 1927 ஜூலை 23-ஆம் நாள் பம்பாயிலும், ஆகஸ்ட் 26-ஆம் நாள் கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. கருவி வைத்திருப்பார் ஆண்டிற்கு 10 ரூபாய் உரிமக் கட்டணஞ் செலுத்துவர். அதிற் பெரும்பகுதி கம்பெனியைச் சாரும். இக்கணக்குப் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆயின் 1929-ஆம் ஆண்டின் முடிவில் நாடு முழுமைக்கும் உரிமம் பெற்றார் தொகை எண்ணாயிரத்தையும் எட்டவில்லை. உரிமம் பெறாது கேட்டாரும் பலர். 1930 மார்ச்சில் கம்பெனி முறிந்தது.

இம்முறிவின் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. அரிசி விற்பான் காசு கொடாதவனுக்கு அளவான் அல்லன். அலையிலேறிய இசையோ காசு கொடுத்தான் வீட்டிற்கும் கொடாதான் வீட்டிற்கும் ஒருபடித்தாகவே செல்லும். வேலியிட இயலாத விளைநிலத்தில் வணிகன் எங்ஙனம் பயிரிடுவான்? இதற்கு இருவழியே உண்டு. ஒன்று, பொதுப்பணத்தால் நடாத்துதல். மற்றொன்று, இசையை விற்பதை விடுத்து, அதனைக் கேட்க வந்தாருடைய செவியைப் பிறிதொரு சரக்கு விற்பானுக்கு விற்றல். பிந்தியதே விளம்பரம் எனப்படுவது. வானொலி வரலாறு முழுதும் இவ்விரண்டன் இடையே ஊசலாடுவதேயாம்.

சென்னை முதல்வழியைப் பற்றிற்று. நின்றுபோன கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகத்தார் 1930 ஏப்ரல் முதல் நாள் தொட்டுத் தாமே ஒலிபரப்பினர். மாலைதோறும் இசை, பள்ளிச் சிறார்க்குப் பாடமும் கதையும். கருவி வாங்க வகையிலார் கேட்டற்பொருட்டுக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பட்டன. இச்செய்தியை எளிதிற் கடந்து போதல் ஆகாது. அக்காலத்துச் சென்னையில் நல்லிசை கேட்கவேண்டுமாயின் சபைக்குச் சீட்டு வாங்கவேண்டும். அன்றிச் செல்வர் இல்லத்துத் திருமணத்திற்கு அழைப்புப் பெறவேண்டும். அன்றிக் கோயிலுட் புகவேண்டும். முன்னிரண்டும் வறியார்க்கு அரிய. மூன்றாவது தாழ்த்தப்பட்டார்க்கு முற்றும் மறுக்கப்பட்டது. கடற்கரை மணலிலோ எவரும் அமரலாம்.

திருநாளைப்போவார் வரலாற்றைச் சைவர் அறிவர். பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கோயில்தோறும் அளித்த அன்பர் அவர். அவர் தந்த நரம்பிலும் தோலிலும் எழுந்த இசையை அவரே உட்புகுந்து கேட்டற்கு இடமின்றிப் புறத்தே நின்றார். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16-ஆம் நாள் தொடங்கிற்று. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் தாழ்த்தப்பட்டார் முதன்முறை உட்புகுந்தது அவ்வாண்டு ஜூலை 8-ஆம் நாள். இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் இரண்டு திங்களினுங் குறைவு. ஒன்று மற்றொன்றற்குக் காரணமென்பது கருத்தன்று. மதில் தடுத்த இசை அலையேறி வரும்போது தடுப்பாரிலர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. வானொலிப் பெட்டியின் விலை அன்று ஏழைக்கு எட்டாதது என்பதும் உண்மையே. ஆதலால் அக்கடற்கரை ஒலிபெருக்கியின் தொண்டு பின்வந்த பெருநிலையங்களின் தொண்டினுஞ் சிறிதன்று.

அரசினர் துறையாகிய வானொலி 1936 ஜூன் 8-ஆம் நாள் அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்றது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நகராண்மைக் கழகத்தின் ஒலிபரப்பு அதனோடு முடிவுற்றது. இந்நிலையங்களால் விளைந்த நன்மை பெரிது. சமீன்தார் அவை தளர்ந்துவந்த காலத்தில் பாடகர்க்கும் நாகசுரக்காரர்க்கும் பக்கவாத்தியக்காரர்க்கும் சன்மானமும், நிலைய வித்துவான்கள் என்போர்க்கு மாதச் சம்பளமும் இவற்றாற் கிடைத்தன. கமகத்திற்கு இணங்காதென்று 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தை நிலையங்களினின்று விலக்கினர். அவ்விலக்கு நெடுங்காலம் நின்றது. அதனால் வருந்தினாரும் பலர். எனினும், கேட்பார் விருப்பத்தை எண்ணிப் பார்த்து விலைபேசும் வணிக நிலையம் எதுவும் அத்தகைய விலக்கொன்றைச் செய்திராது. சுருதி நுட்பம் பற்றிய கொள்கை ஒன்றை இழப்பிற்கு அஞ்சாது கடைப்பிடித்தல் பொதுப்பணத்தில் நடப்பார்க்கே இயலும்.

குறையும் இல்லாமற் போகவில்லை. கச்சேரி மேடையில் தமிழ்ப்பாட்டு இறுதியில் வரும் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த நிலையே நிலையத்துள்ளும் புகுந்தது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய தமிழிசை இயக்கம், வானொலியில் தமிழ்ப்பாடல் மிகவேண்டும் என்பதையும் தன் வேண்டுகைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1943-இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. பண்ணாராய்ச்சிக் கூட்டங்களைச் சங்கத்தார் 1949 முதல் ஆண்டுதோறும் நடாத்தினர். இவற்றின் பயன் நிலையங்களிலும் தோன்றியது. வைகறையில் மங்கல இசையும் பத்திப்பாடலும், மார்கழியில் திருப்பாவை திருவெம்பாவையும் தமிழ்நாட்டு இல்லங்களிற் கேட்கப்பெற்றன.

ஆயினும் பண்முறை வேறு, நிகழ்ச்சிநிரல் முறை வேறு. தேவாரப் பண்கள் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுக்கப்படும். புறநீர்மை விடியற்காலத்திற்கும், மேகராகக்குறிஞ்சி இராக்காலத்திற்கும் உரியன. நிலையத்திலோ ஓதுவாருக்கு ஒதுக்கிய கால்மணி பெரும்பாலும் காலையிலேயே அமையும். காலைக் கால்மணியில் இராப்பண் பாடினாற் குற்றம். பாடாவிடின் அப்பண் கேட்பாரின்றி மறையும். பதிகமுழுதும் ஓதித் திருக்கடைக்காப்பும் சாத்துதற்கு அக்காலம் போதாமையின், தெரிந்தெடுத்த சில திருப்பாட்டளவில் நிறுத்துதல் நேரும். பதிகப்பயன் கூறும் திருப்பாட்டை விடுத்துப் பதிகம் ஓதுதல் கோயில் மரபிற்கு ஒவ்வாது. இதனை நிலையத்தார் அறிந்து செய்த பிழை என்றல் ஆகாது. நாழிகை வகுத்தார் கையிற் கடிகாரம் இருந்தது, பண்ணடைவு இல்லை.

இனி இரண்டாம் வழியாகிய விளம்பரம். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலி, போர்க்காலத்து நேசநாட்டுப் படையினர் நிறுவிய ஆற்றல் மிக்க கருவியைப் பின்னர்ப் பெற்றது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பையும் மேற்கொண்டது. 1952-இல் இந்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டினை அகில இந்திய வானொலியிற் குறைத்து, செவ்விய இசைக்கு மிகுதியான இடம் வகுத்தார். அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. அவர் நோக்கம் நன்று. மக்களோ கருவியின் முள்ளைத் திருப்பி இலங்கையைக் கேட்டனர். இந்திய வணிகர் தம் விளம்பரப் பொருளைக் கடல்கடந்து செலுத்தினர். தமிழ்நாட்டு இல்லங்களிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பே பல்லாண்டு கோலோச்சியது. நல்லிசையைக் கட்டாயத்தாற் புகட்டுதல் கூடாமையை இந்நிகழ்ச்சி காட்டும். 1957 அக்டோபரில் விவிதபாரதி தோன்றியதும், 1967 நவம்பர் முதல் நாள் அதில் விளம்பரம் புகுந்ததும் இதன் விளைவே. உரிமக் கட்டணமும் 1985-இல் நீங்கிற்று. 2001 முதல் எழுந்த தனியார் பண்பலை நிலையங்கள் விளம்பரத்தையே உணவாகக் கொண்டமையின், செவிகள் மிகப் பலவாகத் திரளும் சினிமாப் பாட்டையே பற்றின. அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் விற்கும் சரக்கு செவியாதலின்.

வணிகத்தாற் செவ்விசை வாழவே மாட்டாது எனின், அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு நகரத்து டபிள்யூ.கியூ.எக்ஸ்.ஆர். நிலையம் அதனை மறுக்கும். 1936-இல் அப்பெயர் பெற்ற அது, 1944 முதல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாரின் உடைமையாய், அந்நாட்டுச் செவ்விசையையே பரப்பி விளம்பர வருவாயால் நெடிது வாழ்ந்தது. கேட்பார் சிலரேயாயினும் அவர் செல்வராயிருந்தமையின் விளம்பரக்காரர் விரும்பினர். அதுவும் 2009-இற் பத்திரிகையார் கைவிட, கேட்போர் நன்கொடையால் நடக்கும் பொதுநிலையமாயிற்று.

அவ்வாண்டே தென்னாட்டிலும் ஒரு முடிவு நேர்ந்தது. 2000 மார்ச்சில் விண்ணிற் செலுத்தப்பெற்ற ஏசியாஸ்டார் என்னும் செயற்கைக் கோளினின்று வேர்ல்ட்ஸ்பேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி பல வரிசைகளை ஒலிபரப்பியது. அவற்றுள் சுருதி என்னும் வரிசை இரவும் பகலும் கருநாடக இசையையே பரப்பிற்று. விளம்பரத்தை நம்பாது சந்தாவை நம்பியது அது. அலைக்கு வேலியிட இயலாதென்று முன்னர்க் கூறப்பட்டதன்றே? இக்கம்பெனியார் தனிக்கருவியும் மறைமொழியும் கொண்டு அவ்வேலியை இட்டனர். எனவே 1927-இற் பம்பாய்க் கம்பெனியார் எண்ணியது இம்முறை கைகூடிற்று எனலாம். முதியோர் பலர் அக்கருவியைத் தம் பூசையறைப் பக்கத்தே வைத்துக் கேட்டனர். ஆயின் தாய்க்கம்பெனி 2008 அக்டோபரிற் கடனிறுக்க மாட்டாது நீதிமன்றம் புக்கது. 2009 டிசம்பர் 31-ஆம் நாளோடு இந்தியாவில் அவ்வொலிபரப்பு நின்றது. சந்தாதாரர் வாங்கிய கருவிகளால் அவ்வொலிபரப்பை மேலுங் கேட்டல் இயலாதாயிற்று. பாடினார் பலருடைய இசைக்கோவையும் ஒருங்கே கேட்போரை விட்டு நீங்கின.

பின்னர் 2016 சனவரி 26-ஆம் நாள் அகில இந்திய வானொலியார் பெங்களூரினின்று ராகம் என்னும் வரிசையைத் தொடங்கினர். கருநாடக இசையும் இந்துத்தானி இசையும் நாள்முழுதும் அதற்கு உரியன. கால்மணி என்னும் இடர் இருபத்துநான்கு மணி நேரமும் இசையே உடைய வரிசைக்கு இல்லை. புறநீர்மையை விடியலிலும் மேகராகக்குறிஞ்சியை இரவிலும் பதிகநிறைவோடு வைத்தற்கு அங்கே இடமுண்டு. வைக்கவேண்டுமென்று கேட்பார் சைவமடங்களிலிருந்தும் ஓதுவார் பள்ளிகளிலிருந்தும் வரல்வேண்டும். நாழிகைக்கு ஏற்பப் பண்ணும் பதிகமும் வகுத்தெழுதிய அடைவொன்றை நிலையத்தாரிடம் கொடுப்பதே முதல் வேலை.