தேவைக்கேற்பக் கட்டப்படும் வீடுகள் (சிங்கப்பூர்)

தேவைக்கேற்பக் கட்டப்படும் வீடுகள் அல்லது பிடிஓ வீடுகள் என்பவை, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டி முடிக்கும் முன்னரே முன்பதிவு பெற்று விற்கும் புதிய அடுக்குமாடி வீடுகள் ஆகும். பல இடங்களில் விண்ணப்பங்கள் வீடுகளின் எண்ணிக்கையை விட மிகுதியாக வருவதால், வீட்டைத் தெரிவு செய்யும் வரிசை கணினிக் குலுக்கல் மூலம் முடிவு செய்யப்படுகிறது.

வரலாறு

வீவக 1960 பெப்ரவரி 1 அன்று நிறுவப்பட்டது. முற்காலத்தில் மக்கள் பெயரைப் பதிந்து, வரிசைப்படி காத்திருந்து வீடு பெற்றனர். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் பலர் வரிசையிலிருந்து விலகியதால், கட்டிய வீடுகள் விற்காமல் தேங்கின. இதனைத் தவிர்க்க 2001 ஆம் ஆண்டு பிடிஓ முறை அறிமுகமானது. தொடக்கத்தில், ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு வீடுகள் முன்பதிவான பின்னரே கட்டுமான ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.

முன்பதிவு நடைமுறை

1. தகுதிக் கடிதம்: 2023 மே 9 முதல், விண்ணப்பிக்கும் முன் வீவக வீட்டுத் தகுதிக் கடிதம் பெற்றிருக்க வேண்டும். வாங்கும் தகுதி, கிடைக்கக்கூடிய மானியம், வீவக கடன் ஆகியவற்றை இக்கடிதம் தெரிவிக்கும்.
2. விண்ணப்பம்: கட்டணம் 10 வெள்ளி. முதல் நாள் விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் விண்ணப்பித்தவருக்கும் வாய்ப்பு ஒன்றே.
3. குலுக்கல்: வெற்றி பெற்றவருக்கு வரிசை எண் வழங்கப்படும். முன்னிருப்போர் சிலர் விலகுவதுண்டு என்பதால், வீடுகளின் எண்ணிக்கையை விடப் பெரிய எண் பெற்றவருக்கும் வீடு கிடைக்கலாம்.
4. தெரிவு: வீட்டைத் தெரிவு செய்யும்போது ஈரறை வீட்டுக்கு 500, மூவறை வீட்டுக்கு 1000, நாலறையும் அதற்குப் பெரியதுமான வீட்டுக்கு 2000 வெள்ளி செலுத்த வேண்டும். பின்னர் விலகினால் இத்தொகை திரும்பக் கிடைக்காது.

வாய்ப்பை இழத்தல்

முதன்முறை வாங்குவோருக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்புகள் உண்டு. ஆனால் 2023 ஆகஸ்டு விற்பனையிலிருந்து, அழைக்கப்பட்டும் ஒருமுறை தெரிவு செய்யாதவர், ஓராண்டுக்கு இரண்டாம் முறை வாங்குவோராகவே குலுக்கலில் கருதப்படுகிறார். தெரிவுக்கு 10 அல்லது அதற்கும் குறைவான பிடிஓ வீடுகளே எஞ்சியிருந்தால் இவ்விதி பொருந்தாது. எனவே மனம் ஒப்பாத இடத்துக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது இழப்பில் முடியலாம்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை

ஓரினத்தவர் ஒரே இடத்தில் குவிவதைத் தடுக்க, 1989 மார்ச்சு 1 முதல் இக்கொள்கை நடைமுறையில் உள்ளது. தமிழர் "இந்தியர் மற்றும் பிறர்" பிரிவில் அடங்குவர். 2010 முதல் இப்பிரிவின் உச்சவரம்பு வட்டாரத்தில் 12 விழுக்காடும் ஒரு கட்டடத்தில் 15 விழுக்காடும் ஆகும். வரம்பு நிரம்பிவிட்டால், வீடுகள் எஞ்சியிருந்தும் தமிழ்க் குடும்பம் அங்கு தெரிவு செய்ய இயலாது.

தமிழ்நாட்டு நடைமுறை

1961 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும் குலுக்கல் மூலம் வீடுகளை ஒதுக்குவதுண்டு. தனியார் கட்டுநரைப் பொறுத்தவரை, இந்திய நிலச்சொத்து (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டம், 2016 இன் 13 ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது.