பிள்ளைகளின் சமயக் கல்வியும் ஊர் ஆலோசனைக் குழுவும்
(வானொலி மறையுரை)



திருத்தூதர் பணிகள் நூலின் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் ஒரு கூட்டம் நடக்கிறது. பிற இனத்தாரிடமிருந்து மனம் மாறி வந்தவர்கள் மோசேயின் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்பது கேள்வி. நெடுநேரம் விவாதம் நடக்கிறது. பேதுரு பேசுகிறார். பர்னபாவும் பவுலும் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது கூட்டம் அமைதியாகக் கேட்கிறது. இறுதியில் யாக்கோபு ஒரு வழி சொல்ல, முடிவு கடிதமாகப் போகிறது. அன்று அவர்கள் ஒருவர் பேச மற்றவர் கேட்டதால்தான் திருச்சபை உடையாமல் நின்றது.

இதே போல ஒரு நாடு தன் பிள்ளைகளின் சமயக் கல்விக்காக ஒரு மேசையைச் சுற்றி உட்காரப் பழகிய வரலாற்றை இன்று உங்களோடு பகிர விரும்புகிறேன். அந்த நாடு இங்கிலாந்து.

அங்கே 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளிகள் இல்லாத இடங்களில் மக்களின் வரிப்பணத்தில் பள்ளிகளைத் தொடங்க வழி செய்தது. உடனே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தப் பள்ளிகளில் யாருடைய மறைக்கல்வியைச் சொல்லிக்கொடுப்பது? இங்கிலாந்து திருச்சபையினர் ஒரு பக்கம், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற சபையினர் மறுபக்கம், கத்தோலிக்கர் இன்னொரு பக்கம் நின்றார்கள். எந்த ஒரு சபைக்கும் மட்டுமே உரிய மறைக்கல்வி நூலை அங்கே கற்பிக்கக் கூடாது என்று கூப்பர்-டெம்பிள் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் அறியப்படும் விதி சொன்னது. விவிலியம் வாசிக்கலாம், விரும்பாத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம்.

அதோடு சண்டை ஓயவில்லை. 1902-இல் திருச்சபைப் பள்ளிகளுக்கும் வரிப்பணத்தில் உதவி என்று சட்டம் வந்தபோது, பிரிந்த சபையினர் பலர் வரி கட்ட மறுத்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். எல்லாரும் ஒரே கிறிஸ்துவை வணங்கியவர்கள்தான்!

சண்டை தணிந்தது எப்படித் தெரியுமா? ஊர் மட்டத்தில் ஆட்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதால்தான். 1924-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் பல சபையினரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பொதுப் பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். அது நன்றாக இருக்கவே, மற்றப் பகுதிகளும் அதை எடுத்துக்கொண்டன.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், பட்லர் என்ற கல்வி அமைச்சர் கொண்டுவந்த சட்டம் இந்த வழக்கத்தை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. ஒவ்வொரு பகுதியிலும் இங்கிலாந்து திருச்சபை, மற்றச் சபைகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி என நான்கு குழுக்கள் கூடி, ஒருமனதாகப் பாடத்திட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய குழு சின்னக் குழுவை வாக்கெடுப்பில் தோற்கடிக்க முடியாது. விரும்பினால், தொடர்ந்து வழிகாட்ட ஒரு நிலையான ஆலோசனைக் குழுவையும் அந்தப் பகுதி வைத்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்கர்கள் அன்று தங்கள் பள்ளிகளைக் காப்பதில்தான் முழுக் கவனமும் வைத்தார்கள். உதவிபெறும் பள்ளிகளில் சமயக் கல்வி நம் திருச்சபையின் பொறுப்பிலேயே இருந்தது. ஆனால் கட்டடச் செலவில் பாதியைப் பள்ளியே சுமக்க வேண்டும். உழைக்கும் மக்களான பங்குமக்கள் காசு காசாகச் சேர்த்துச் சுமந்தார்கள். இன்று அந்தப் பங்கு 10 சதவீதமாகக் குறைந்துள்ளது.

போருக்குப் பின் அந்த நாட்டின் முகம் மாறியது. இந்தியா, பாகிஸ்தான், கரீபியத் தீவுகளிலிருந்து மக்கள் போய்க் குடியேறினார்கள். பின்னாளில் ஈழத்திலிருந்து நம் தமிழ் மக்களும் போனார்கள். ஒரே வகுப்பில் இந்து, முஸ்லிம், சீக்கியர், யூதர் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1975-இல் பர்மிங்காம் நகரம் பல சமயங்களையும் சேர்த்துப் புதிய பாடத்திட்டம் வெளியிட்டபோது பெரிய விவாதமே எழுந்தது.

கடைசியில் 1988-ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கியது. முதலாவது, நாட்டின் சமய மரபு பெரும்பாலும் கிறிஸ்தவமே என்பதைப் பாடத்திட்டம் காட்ட வேண்டும். மற்ற முக்கிய சமயங்களின் போதனைகளையும் வழக்கங்களையும் அது கருத்தில் கொள்ள வேண்டும். இரண்டாவது, ஆலோசனைக் குழு இனி விருப்பம் அல்ல, கட்டாயம். இங்கிலாந்து திருச்சபை, ஆசிரியர், உள்ளாட்சி ஆகிய மூன்று பிரிவுகளோடு, மற்றக் கிறிஸ்தவ சபைகளும் பிற சமயங்களும் சேர்ந்த ஒரு பிரிவு. நம் கத்தோலிக்கரின் இடம் இந்தப் பிரிவில்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஒரு வாக்கு.

இந்தக் குழு என்ன செய்கிறது? பாடங்களைப் பற்றியும் ஆசிரியர் பயிற்சி பற்றியும் ஆலோசனை சொல்கிறது, ஆண்டறிக்கை வெளியிடுகிறது, பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்யச் சொல்கிறது. முஸ்லிம் பிள்ளைகளே மிகுதியாக உள்ள ஒரு பள்ளி, தன் அன்றாட வழிபாடு கிறிஸ்தவ முறையில் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குக் கேட்டால், அதை ஆராய்ந்து முடிவு சொல்வதும் இந்தக் குழுவே. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பலவீனமும் உண்டு. தனக்கென்று நிதி இல்லை. பெரும்பாலும் அறிவுரைதான் சொல்ல முடியும். உள்ளாட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாத பள்ளிகள் பெருகியதால், ஊர்ப் பாடத்திட்டத்துக்குக் கட்டுப்படாத பள்ளிகளும் பெருகிவிட்டன.

‘கத்தோலிக்கப் பள்ளிக்குத்தான் தனிப் பாடத்திட்டம் இருக்கிறதே, பிறகு நமக்கு ஏன் அங்கே நாற்காலி?’ என்று கேட்கலாம். அன்பர்களே, பொதுப் பள்ளியில் படிக்கும் ஓர் இந்துச் சிறுமி நற்கருணையைப் பற்றி, அன்னை மரியாவைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறாள் என்பது அந்த மேசையில்தான் முடிவாகிறது. நாம் உட்காராவிட்டால் நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லுவார்கள். அதே மேசையில்தான் அவளுடைய பெற்றோரின் நம்பிக்கையை நாமும் அவர்கள் வாயாலேயே கேட்டு அறிகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு நமக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. நம் பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்ப்பதும், அயலாரின் நம்பிக்கையை மதிப்பதும் பிரிக்க முடியாதவை.

நம் நாட்டின் நிலை வேறு. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. ஆகவே நம் பிள்ளைகளின் மறைக்கல்வி வீட்டிலும் ஞாயிறு வகுப்பிலும்தான் பெரும்பாலும் நிற்கிறது. நமக்குள்ள மேசை, பங்குப்பேரவை. அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே என்கிறது திருச்சபைச் சட்டம் 536.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், பேரவைக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “ஃபாதர், ஞாயிறு காலையில பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு டியூஷன் இருக்கு. மறைக்கல்வி வகுப்பை சாயங்காலம் வைங்க” என்றார். “ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?” என்று கேட்டு உட்கார வைத்துவிட்டேன். என் பதிலில் தவறில்லை என்றே நினைத்தேன். அந்த ஆண்டு இறுதியில் அந்த வகுப்பின் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவர் மகனும் வரவில்லை. அறிவுரை சொல்ல மட்டுமே உரிமை உள்ளவர் பேசும்போது, கேட்கும் கடமை நம்முடையது என்பதை அந்தப் பெஞ்சுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

எருசலேமில் பேதுருவுக்கு அதிகாரம் இருந்தது. ஆனாலும் கூட்டம் கூடியது, எல்லாரும் கேட்டார்கள், தூய ஆவியார் வழிநடத்தினார். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் பிள்ளையின் மறைக்கல்வி ஆசிரியரைச் சந்தித்து, என்ன குறை என்று கேளுங்கள். நாங்கள் குருக்கள், நீங்கள் சொல்வதைக் கேட்க ஆண்டவரிடம் செவி கேட்போம்.

இறைவன் நம் குடும்பங்களையும் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.